நிலைப்பிழை மறைந்தது, ஆர்டரும் மறைந்தது: வெப்சாக்கெட்டில் எந்த வழியைத் தேர்வது?

ஓர் உணவகத்துக்கு ஆர்டர் எடுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். பரிமாறுபவர்கள் கையில் 4 டேப்லெட், சமையலறையில் தோசைக்கல்லுக்கு எதிர்ச்சுவரில் ஒரு திரை, நடுவே வெப்சாக்கெட் (உலாவியும் மையக் கணினியும் இருபுறமும் செய்தி அனுப்பிக்கொள்ளத் திறந்தே வைத்திருக்கும் இணைப்பு). ஒரு சனிக்கிழமை இரவு 9ஆம் டேபிளில் இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு காபி சொன்னார்கள். டேப்லெட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்தது. 25 நிமிடம் காத்திருந்துவிட்டு அந்தக் குடும்பம் எழுந்து போய்விட்டது. சமையலறைத் திரைக்கு அந்த ஆர்டர் வரவே இல்லை. பிழைப்பதிவைத் திறந்தால் அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

பதிவு ஏன் காலியாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். முந்தைய வாரம் வரை ‘இன்வாலிட் ஸ்டேட் எர்ரர்’ என்ற நிலைப்பிழை அதில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வந்துகொண்டிருந்தது. அதை நான்தான் ‘சரிசெய்து’ வைத்திருந்தேன்.

ஒரு சொல்லை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். நம் ஊர் ஹோட்டலில் சர்வர் என்றால் பரிமாறுபவர். ஆகவே இந்தக் கட்டுரையில் டேப்லெட்டைக் கையில் வைத்திருப்பவர்தான் சர்வர். செய்திகளை நடுவில் வாங்கி அனுப்பும் கணினியைச் சேவையகம் என்கிறேன். அந்த உணவகத்தில் வேலை செய்த இரண்டு மாதமும் இந்தக் குழப்பத்தில் பாதிப் பேச்சு வீணானது.

பிழை எங்கே கத்துகிறது, எங்கே கத்துவதில்லை

உலாவியில் உள்ள வெப்சாக்கெட்டுக்கு நான்கு நிலைகள். 0 என்றால் இணைந்துகொண்டிருக்கிறது, 1 என்றால் திறந்திருக்கிறது, 2 என்றால் மூடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் மூடிவிட்டது. ரெடிஸ்டேட் என்ற பண்பைப் படித்தால் இந்த எண் கிடைக்கும். 0 நிலையில் இருக்கும்போது செய்தி அனுப்பும் சென்ட் என்ற செயலை அழைத்தால் நிலைப்பிழை எறியப்படும். 2, 3 ஆகிய நிலைகளில் அழைத்தால்? ஒன்றும் எறியப்படாது. செய்தி சத்தமில்லாமல் கைவிடப்படும். பஃபர்டுஅமவுண்ட் என்ற எண்ணிக்கை மட்டும் அந்தச் செய்தியின் பைட் அளவுக்கு ஏறி, இறங்காமல் அப்படியே நிற்கும். குரோம் உலாவி, நிரல் எழுதுபவர்களுக்கான கன்சோல் என்ற சாளரத்தில் ஓர் எச்சரிக்கை எழுதும். நெய் ரோஸ்ட்டுக்கும் காபிக்கும் நடுவே ஓடுகிற சர்வர் கன்சோலையா திறந்து பார்க்கப் போகிறார்?

பழைய சாக்கெட்டுகளோடு (நிரல்கள் வலை வழியாகப் பேசிக்கொள்ளும் முனைகள்) பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். 1983இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த சாக்கெட் இடைமுகம் கத்துவதில் குறை வைக்கவில்லை. லினக்ஸில், இணையாத டிசிபி (தரவை வரிசை குலையாமல் கொண்டுசேர்க்கும் இணைய நெறிமுறை) சாக்கெட்டிலிருந்து படிக்கப் போனால் 107ஆம் எண் பிழை. ஏற்கெனவே இணைந்ததை மறுபடி இணைத்தால் 106. உடைந்துபோன இணைப்பில் எழுதினால் 32, கூடவே சிக்பைப் என்ற சமிக்ஞை. அந்தச் சமிக்ஞையைக் கையாளாமல் விட்டால் நிரலையே அது கொன்றுவிடும். முரட்டுத்தனம்தான், ஆனால் தெரியாமல் போக வாய்ப்பில்லை. உலாவியோ இணையும் முன் பேசினால் திட்டுகிறது, இணைப்பு போன பின் பேசினால் கேட்டுக்கொள்வதுபோல் நடிக்கிறது. கீழே வரும் வழிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இந்தப் பிழை பக்கம் முதன்முறை ஏறும்போதுதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். என் பதிவில் அப்படி வந்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை மறு இணைப்பின்போது வந்தவை. வைஃபை ஒரு கணம் விட்டுப் பிடிக்கிறது. நிரல் புதிய சாக்கெட் ஒன்றை உருவாக்கிப் பழைய மாறியிலேயே வைக்கிறது. அது இன்னும் 0 நிலையில் இருக்கும்போது சர்வர் விரலை வைக்கிறார். கை கழுவும் இடத்தை ஒட்டிய 9, 10, 11ஆம் டேபிள்களில் இது தினசரி நடந்தது. அங்கே ஓடு பதித்த கனத்த சுவர் ஒன்று இருக்கிறது.

பிடித்து விழுங்குவது

ட்ரை, கேட்ச் போட்டுப் பிழையைப் பிடிப்பது முதல் வழி. எழுத ஒரு நிமிடம் ஆகும். ஆனால் பிடிப்பதற்குப் பிழை வர வேண்டுமே! 2, 3 நிலைகளில் எதுவும் எறியப்படுவதில்லை என்பதால், நான்கில் ஒரே ஒரு நிலைக்குத்தான் இந்த வலை. அதுவும் எந்த நிலை? இன்னும் அரை நொடி பொறுத்தால் தானாகவே சரியாகிவிடக்கூடிய 0 நிலை. உண்மையில் ஆபத்தான இரண்டும் வலைக்கு வெளியே இருக்கின்றன. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் பக்கம் புழங்கும் டபிள்யூஎஸ் நூலகம் கொஞ்சம் பரவாயில்லை: 0 நிலையில் பிழையை எறியும், மூடிய நிலைகளில், நீங்கள் ஒரு கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லும் செயல்) கொடுத்திருந்தால் அதற்குப் பிழையைத் தரும். கால்பேக் கொடுக்காதவர்களுக்கு அங்கேயும் மௌனம்தான். இந்த வழியைத் தனியாக ஒரு தீர்வாக நான் எண்ணுவதில்லை.

கேட்டுவிட்டு அனுப்புவது

நான் செய்த ‘சரிசெய்தல்’ இதுதான். ரெடிஸ்டேட் 1 என்றால் அனுப்பு. ஒரே வரி. பிழை அன்றே நின்றது.

இந்த வழியைக் குறை சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, கேட்பதற்கும் அனுப்புவதற்கும் இடையே நிலை மாறிவிடும் என்பது. உலாவியில் அந்தக் குறை அவ்வளவு பொருந்தாது. இணைப்பு முறிந்து நிலை மாறுவது வரிசையில் ஒரு தனிப் பணியாகத்தான் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முடியாமல் அந்தப் பணி உள்ளே வராது. கேட்பதும் அனுப்புவதும் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும்வரை கவலையில்லை. நடுவில் ஓர் அவெய்ட் (வேறொன்று முடியும்வரை நிரலை நிறுத்தி வைக்கும் சொல்) நுழைந்தால் போயிற்று. ஒரே நிரலுக்குள் பல இழைகள் ஒரே சமயத்தில் ஓடும் மொழிகளில் கதையே வேறு. சி நிரலில் ஓர் இழை சாக்கெட்டை மூடிவிட்டால், அதை அடையாளம் காட்டிய அதே விவரிப்பு எண்ணை இயங்குதளத்தின் கருவான கெர்னல் அடுத்து வரும் புதிய இணைப்புக்குக் கொடுத்துவிடலாம்; பழைய எண்ணை நம்பி எழுதும் இன்னோர் இழை வேறு யாருடைய இணைப்பிலோ எழுதிக்கொண்டிருக்கும். பிழைகூட வராது. ஜாவாவில் இஸ்கனெக்டட் என்று கேட்டால், ஒருமுறை இணைந்து பிறகு மூடிய சாக்கெட்டுக்கும் ‘ஆம்’ என்றே பதில் வரும். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். படிப்பதற்குள் ஒருமுறை அடிபட்டுவிடுவோம்.

என் நிரலில் இருந்த கோளாறு இவற்றைவிட எளிமையானது. 1 என்றால் அனுப்பு, இல்லையென்றால்? இல்லையென்றால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை. 2, 3 நிலைகளில் உலாவி செய்துவந்த மௌனக் கைவிடலை 0 நிலைக்கும் நீட்டித்து வைத்தேன், அவ்வளவுதான். பச்சை எழுத்து வேறு, செய்தி போனதா இல்லையா என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தியதும் தோன்றும்படி இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1 என்ற எண் ‘திறந்திருக்கிறது’ என்று சொல்கிறதே தவிர, ‘எதிர்முனை உயிரோடு இருக்கிறது’ என்று சொல்லவில்லை. ஓட்டுச் சுவருக்குப் பின்னே வைஃபை செத்துப்போனாலும் நிலை 1ஆகவே இருக்கலாம். அனுப்பிய பைட்டுகளை இயங்குதளம் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் டிசிபி கையை விரிப்பதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். சும்மா இருக்கும் இணைப்பைச் சோதிக்கும் கீப்அலைவ், இயக்கிவிட்டால்கூட, இயல்பாக 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் சோதனையை அனுப்பும். வெப்சாக்கெட் நெறிமுறையில், அதாவது 2011இல் வந்த ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணத்தில், எதிர்முனை இருக்கிறதா என்று கேட்டுப் பதில் பெறும் பிங், பாங் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உலாவியில் ஓடும் நிரல் அதை அழைக்க வழியில்லை. ஆகவே சொந்தமாக ஒரு நாடித்துடிப்புச் செய்தியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த வேலை தப்பாது.

திறக்கும்வரை காத்திருப்பது

சாக்கெட் திறந்ததும் நிறைவேறும் ப்ராமிஸ் (பின்னால் வரப்போகும் முடிவுக்கு இடம்பிடித்து வைக்கும் பொருள்) ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்தியும் அதற்குக் காத்திருந்து போகும்படி எழுதுவது மூன்றாவது வழி. முதல் இணைப்புக்கு இது அழகாக வேலை செய்கிறது. பக்கம் திறந்ததும் ஒரே ஒரு முறை ‘நான் 3ஆம் எண் திரை’ என்று சொல்லிவிட்டு, பிறகு கேட்டுக்கொண்டே இருக்கும் நிரல்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பேன்.

இரண்டு இடத்தில் சறுக்கும். இணைப்பு திறக்காமலே மூடிவிட்டால் அந்த ப்ராமிஸை முறிக்க வேண்டும். மறந்தால் காத்திருக்கும் செய்திகள் முடிவில்லாமல் காத்திருக்கும். அடுத்து, மறு இணைப்புக்குப் புதிய ப்ராமிஸ் வேண்டும். பழையது ஏற்கெனவே நிறைவேறிவிட்டதால் ‘திறந்துதானே இருக்கிறது’ என்று வழிவிட்டுவிடும், சென்ட் மறுபடி 0 நிலையில் முட்டும். பைத்தானில் இதே போக்கில் எழுதுபவர்களுக்கு அதே பெயரில் இன்னொரு பிழை காத்திருக்கிறது: ப்ராமிஸ் போன்றதே அங்குள்ள ஃபியூச்சர்; ஏற்கெனவே முடிவு பெற்ற ஃபியூச்சருக்கு மறுபடி முடிவு கொடுத்தால் அசின்க்ஐஓ நூலகம் நிலைப்பிழை எறியும். திறந்த நிகழ்வும் காலக்கெடுவும் ஒரே ஃபியூச்சரை முடிக்கப் போட்டியிடும்போது இது வரும். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராமிஸ் இரண்டாவது முடிவைப் பேசாமல் புறக்கணித்துவிடும். எனக்குப் பைத்தானின் குணம்தான் பிடித்திருக்கிறது.

வரிசையில் வைப்பது

9ஆம் டேபிள் சம்பவத்துக்குப் பிறகு நான் தாவியது இங்கே. இணைப்பு இல்லையென்றால் செய்தியை ஒரு வரிசையில் போட்டு வை. திறந்ததும் ஒவ்வொன்றாக அனுப்பு. சாக்கெட்ஐஓ நூலகம் இதை இயல்பாகவே செய்கிறது: தொடர்பு அறுந்திருக்கும்போது அனுப்பியவற்றைச் சேர்த்து வைத்து, மீண்டும் இணைந்ததும் கொட்டிவிடும். வேண்டாம் என்றால் வாலட்டைல் என்று குறித்து அனுப்ப வேண்டும். அப்படிக் குறித்தவை இணைப்பு இல்லாதபோது கைவிடப்படும். இயல்பு எது, விலக்கு எது என்பதை அறியாமலே அந்த நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் ஏராளம்.

வரிசை வந்ததும் ஆர்டர் தொலைவது நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உணவகத்தின் ரூட்டர் நின்றுபோய் 20 நிமிடம் கழித்து உயிர்பெற்றது. அதற்குள் சர்வர்கள் பழைய பழக்கத்துக்குப் போய், சமையலறை வாசலில் நின்று குரல் கொடுத்தே எல்லா ஆர்டரையும் வாங்கிப் பரிமாறி முடித்திருந்தார்கள். ரூட்டர் வந்த நொடியில் 4 டேப்லெட்டும் தங்கள் வரிசையைக் கொட்டின. திரை நிறைய ஆர்டர். தோசை மாஸ்டர் பாவம், வந்ததை நம்பிப் பாதியைச் சுட்டுவிட்டார். அந்த வாரம் எனக்கு இலவசமாக நெய் ரோஸ்ட் கிடைத்தது. வேறு எப்படித் தீர்ப்பது?

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. ஆர்டர் சேவையகத்தை அடைந்துவிடுகிறது. ‘வந்தது’ என்ற பதில் திரும்பும் முன் இணைப்பு அறுகிறது. டேப்லெட்டுக்கு அது போனதா என்று தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு தட்டு. அனுப்பாவிட்டால் ஒருவேளை ஒரு தட்டுகூட இல்லை. சென்ட் பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கு, பைட்டுகள் இந்தப் பக்கத்து பஃபரில் (அனுப்பும் முன் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஏறின என்பதைத் தாண்டி எந்தப் பொருளும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் டேப்லெட்டே ஓர் எண் கொடுக்க வேண்டும். சேவையகம் அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் இரண்டாவதை ஒதுக்கிவிட்டு ‘வந்தது’ என்று மட்டும் பதில் தர வேண்டும். பதில் வந்த பிறகுதான் வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், பச்சை எழுத்தும் அப்போதுதான் வர வேண்டும். பக்கத்தைப் புதுப்பித்தால் நினைவகத்தில் உள்ள வரிசை அழிந்துவிடும் என்பதால் அதை உலாவிக்குள் இருக்கும் தரவுக்கிடங்கான இன்டெக்ஸ்ட்டிபியில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலாவதி நேரமும் வேண்டும்.

‘ஒரு வரிசை போட்டுவிடு’ என்று தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். சாக்கெட்டுக்கு மேலே ஒரு சிறு தபால் நிலையத்தையே கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருவர் கையில் சாவி

மேலே சொன்ன எதைச் செய்தாலும் நிரலின் பத்து இடத்திலிருந்து சாக்கெட்டைத் தொட்டால் பயனில்லை. ஐந்தாவது வழி, சாக்கெட்டை ஒரே ஒரு பகுதியின் பொறுப்பில் விட்டு, மற்ற யாரும் அதை நேரடியாகத் தொடாதபடி செய்வது. அந்தப் பகுதி தனக்கென்று ஒரு நிலைப்பொறி வைத்திருக்கும்: ஓய்வு, இணைகிறது, திறந்தது, காத்திருந்து மறுபடி முயல்கிறது, நிறுத்தப்பட்டது. உலாவியின் நான்கு நிலைகளைவிட இந்த ஐந்து உண்மைக்கு அருகில் இருக்கின்றன. ‘அடுத்த முயற்சிக்கு 4 நொடி இருக்கிறது’ என்பதைச் சொல்ல ரெடிஸ்டேட்டில் எண்ணே இல்லை. அனுப்பு என்று கேட்டால் இந்தப் பகுதி மூன்றில் ஒரு பதிலைத் தரும்: அனுப்பினேன், வைத்திருக்கிறேன், முடியாது. கேட்டவர் பதிலைப் பார்த்துத் திரையில் எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கலாம்.

இதில் எனக்கு ஒரு நாள் முழுவதையும் தின்ற சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். நாடித்துடிப்புக்குப் பதில் வரவில்லை. பழைய சாக்கெட்டை மூடு என்று சொல்லிவிட்டுப் புதியதை உருவாக்குகிறோம். வலை செத்திருப்பதால் மூடும் கைகுலுக்கலுக்கு எதிர்முனையிலிருந்து பதில் வராது. பழையது 2 நிலையிலேயே தொங்கும். இதற்குள் புதியது திறந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். சில நொடி கழித்துப் பழையதன் மூடல் நிகழ்வு சாவகாசமாக வந்து சேரும். அதைக் கேட்கும் நிரல் ‘இணைப்பு போய்விட்டது’ என்று எண்ணி, நன்றாக ஓடும் புதிய சாக்கெட்டைத் தூக்கியெறிந்து மூன்றாவதை உருவாக்கும். டேப்லெட் நிற்காமல் இணைந்து அறுந்து இணைந்துகொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு தலைமுறை எண் கொடுத்து, நிகழ்வு வரும்போது ‘நீ இப்போதைய தலைமுறையா?’ என்று கேட்டு, இல்லையென்றால் ஒதுக்கும் மூன்று வரி சேர்த்ததும் அடங்கியது. சாக்கெட் ஒரே பகுதியின் கையில் இருந்ததால் அந்த மூன்று வரியை ஒரே இடத்தில் எழுத முடிந்தது.

மூடும்போது காரணத்தைத் தமிழில் எழுதி அனுப்ப ஆசைப்பட்டேன். காரணத்துக்கு 123 பைட்டுதான் இடம். மீறினால் அதற்கென்று தனிப் பிழை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் 3 பைட், துணைக்குறிக்கும் புள்ளிக்கும் தனியாக 3. ‘சமையலறைத் திரை மூடப்பட்டது’ என்பது 74 பைட். இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப் போனால் இடிக்கும். எண்ணை அனுப்பி, சொற்களை டேப்லெட்டிலேயே வைத்துவிட்டேன். 4000 முதல் 4999 வரையுள்ள எண்கள் நம் சொந்தப் பயன்பாட்டுக்கென்றே விடப்பட்டவை.

தவறான நிலையே இல்லாமல் செய்வது

ரஸ்ட், கோ மொழிக்காரர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துச் சிரிக்கக்கூடும். ரஸ்ட்டின் நிலையான நூலகத்தில் டிசிபிஸ்ட்ரீம் என்ற ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்றாலே அது இணைந்து முடிந்தது என்று பொருள். இணையாத ஸ்ட்ரீமை எழுதிக்காட்டவே முடியாது. கேட்கும் சாக்கெட்டுக்குத் தனி வகை இருக்கிறது, அதில் எழுதும் செயலே இல்லை. கோ மொழியில் டயல் என்று அழைத்தால் இணைப்போ பிழையோ இரண்டில் ஒன்று திரும்பும். 0 நிலைச் சிக்கல் அங்கே பிறப்பதே இல்லை. உலாவியில் இதற்கு நிகராக குரோமில் வெப்சாக்கெட்ஸ்ட்ரீம் வந்திருக்கிறது: திறந்து முடிந்த பிறகுதான் எழுதும் குழாயே கையில் கிடைக்கும். மற்ற சில உலாவிகளில் கிடையாது என்பதால் பொதுப் பயன்பாட்டுக்கு இப்போது பரிந்துரைக்க மாட்டேன். எல்லா டேப்லெட்டிலும் குரோம்தான் என்று உங்களால் உறுதிசெய்ய முடிந்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் இணைந்தபின் அறுவதை எந்த வகையும் தடுக்காது; ரஸ்ட்டிலும் எழுதும்போது உடைந்த குழாய்ப் பிழை வரத்தான் செய்யும்.

நான் எதில் வந்து நின்றேன்

வழிகளை வரிசைப்படுத்தி ஒன்றைத் தேர்வதற்குப் பதில், எந்தச் செய்தி என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த உணவகத்தில் மூன்று வகைச் செய்தி ஓடியது. ‘வடை 14 மிச்சம்’ என்பது ஒரு வகை. ஐந்து நிமிடத்துக்கு முந்தைய வடைக் கணக்கு யாருக்கும் தேவையில்லை. இதை வரிசையில் வைப்பது தவறு. கடைசி மதிப்பை மட்டும் நினைவில் வைத்து, திறந்ததும் அதை ஒருமுறை அனுப்பினால் போதும். சமையலறையிலிருந்து ‘தட்டு தயார்’ என்று அடிக்கும் மணி இன்னொரு வகை. அது இப்போது போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ‘முடியாது’ என்று உடனே திரையில் சிவப்பாகக் காட்டினால் மாஸ்டர் வாயால் கூப்பிட்டுவிடுவார். பத்து நிமிடம் கழித்து அடிக்கும் மணி ஆளைத்தான் குழப்பும்.

மூன்றாவது வகை ஆர்டர். தொலையவும் கூடாது, இரண்டாகவும் கூடாது. எண், பதில், காலாவதி, இன்டெக்ஸ்ட்டிபி என்று நான் கட்டிக்கொண்டிருந்த தபால் நிலையம் இதற்காகத்தான். பாதி கட்டிய பிறகு உறைத்தது: கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்ற வேலைக்கு, இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் எச்டிடிபி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே! ஆர்டரை எடுத்துச் சாதாரண போஸ்ட் கோரிக்கையாக மாற்றினேன். ஆர்டர் எண் அப்படியே இருந்தது, சேவையகம் இரட்டையை ஒதுக்குவதும் இருந்தது. பதில் வந்தால் பச்சை. 8 நொடியில் வராவிட்டால் மஞ்சள், ‘மறுபடி முயல்கிறது’. ஒரு நிமிடம் தாண்டினால் சிவப்பு, ‘நேரில் சொல்லவும்’. சாக்கெட்டின் நிலை என்ன என்ற கேள்வியே ஆர்டருக்கு எழவில்லை. இன்று மறுபடி தொடங்கினால் வடைக் கணக்குக்கும் வெப்சாக்கெட் வைக்க மாட்டேன். ஒருவழிச் செய்திக்கு, சேவையகத்திலிருந்து உலாவிக்கு மட்டும் செய்தி கொண்டுவரும் ஈவென்ட்சோர்ஸ் போதும், அறுந்தால் அதுவே மறுபடி இணைந்துகொள்ளும், டேப்லெட் பக்கம் சென்ட் என்ற செயலே இல்லாததால் நிலைப்பிழைக்கும் இடமில்லை.

இப்போதைக்கு மணிக்கும் வடைக் கணக்குக்கும் மட்டும் வெப்சாக்கெட் தங்கியிருக்கிறது. ஐந்தாவது வழியில், ஒருவர் கையில் சாவியோடு. அந்தப் பகுதிக்குள் 0 நிலையில் யாராவது சென்ட் அழைத்தால் வரும் பிழையைப் பிடிக்காமல் பதிவுக்குப் போகும்படியே விட்டிருக்கிறேன். கடைசியாக வந்தது போன மாதம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவசரத்தில் சாக்கெட்டை நேரடியாகத் தொட்டிருந்தார். பதிவில் வரி எண்ணோடு இருந்தது. காபி ஆறுவதற்குள் திருத்திவிட்டோம்.